குடத்தில் இல்லாத ஓலைகள்

பொதுப்பணித் துறையில் முப்பத்தாறு வருஷகாலம் ஏரிகளோடும் கால்வாய்களோடும் பழகிவிட்டு ஓய்வுபெற்றிருந்த என்னை, செங்கற்பட்டுப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியின் ஆண்டு விழாவுக்கு, விஞ்ஞானமும் தேச முன்னேற்றமும் என்ற விஷயத்தைப் பற்றிப் பேசுவதற்காக ஒருமுறை அழைத்திருந்தார்கள். விழா தொடங்குவதற்கு முன் பள்ளியைச் சுற்றிக் காட்டிய தலைமையாசிரியர், மாடியில் பூட்டிக் கிடந்த ஓர் அறையின் முன்னால் நின்று, போன வருஷம் வரையில் சரித்திரப் பிரிவு மாணவர்கள் உட்கார்ந்திருந்த இடம் அதுவென்றும், முதல் குரூப்பில் இடம் கேட்டுப் பெற்றோர்கள் வாசலில் தவம் கிடக்கும்போது பதினோரு பிள்ளைகளுக்காக ஓர் ஆசிரியரையும் ஓர் அறையையும் ஒதுக்கி வைப்பது நியாயமாகாது என்று அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள் என்றும், கோடை விடுமுறைக்குள் அங்கே கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கிவிடும் என்றும் முகமலர்ச்சியோடு சொன்னார். என்ஜினீயராகிய நான் அந்தச் செய்தியைக் கேட்டு மகிழ்வேன் என்று அவர் எதிர்பார்த்ததில் பிழையில்லை. ஜன்னல் கம்பி வழியாக எட்டிப் பார்த்தேன். சுருட்டி மூலையில் சாத்தியிருந்த தேசப்படங்களின் மேல் ஒரு குருவி கூடு கட்டத் தொடங்கியிருந்தது. கீழே இறங்கி வந்து, அவர்கள் கேட்ட பிரசங்கத்தையே செய்தேன். மாலையையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்று அந்த மேடையில் நான் பேசியிருக்க வேண்டிய விஷயம் வேறு. அதைச் சொல்லவேண்டுமானால் ஒரு மண்குடத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

ஜில்லா போர்டு ஹைஸ்கூலில் நாலாவது பாரத்திலிருந்து ஆறாவது பாரம் வரையில் எங்களுக்குச் சரித்திர பூகோளம் கற்பித்தவர் மெலிந்த தேகமும் உரத்த குரலும் உடைய ஒருவர்; முழங்கையில் நூல் பிரிந்த ஒரே கோட்டை மூன்று வருஷமும் அவர் மேல் பார்த்திருக்கிறேன். பானிபட் யுத்தம் எந்த வருஷம் நடந்தது என்று கேட்பதற்குப் பதிலாக, அந்த யுத்தத்தில் தோற்றவன் வீட்டில் அன்றிரவு என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று கேட்டுவிட்டு, பதில் வரும் வரையில் ஜன்னலுக்கு வெளியே புளியமரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவர் வழக்கம். பரீட்சைக்கு வராத கேள்வியைக் கேட்டு நேரத்தை வீணாக்குகிறார் என்று எங்களில் முதல் மார்க்கு வாங்குகிற சிலருக்கு அவர் மேல் மனத்தாங்கல் உண்டு. அந்தச் சிலரில் நானும் ஒருவன். ஆனால் தேதிகளை அவர் அலட்சியம் செய்தவரல்லர். "தேதி என்பது சுவரில் அடித்த ஆணி, ஆணி இல்லாவிட்டால் சட்டையை எங்கேடா மாட்டுவாய்? அதற்காகச் சட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு ஆணியையே பார்த்துக்கொண்டிருக்கலாமா?" என்பார்.

1952-ஆம் வருஷம் ஜனவரியில் சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல் எங்கள் பக்கத்தில் நடந்தது. எங்கள் பள்ளிக்கூடமே ஓட்டுச்சாவடி. நாங்கள் படித்துக்கொண்டிருந்த ஐந்தாம் பாரத்து அறையிலேதான், அபேட்சகர் ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி என்ற அக்காலத்து ஏற்பாட்டின்படி, சின்னம் ஒட்டிய பெட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்த என் தகப்பனாரும், அதுவரையில் பள்ளிக்கூட வாசற்படியை மிதித்தறியாத என் தாயாரும் அன்று அந்த அறைக்குள் போய் வந்தார்கள். "நீ எந்த இடத்துலடா குந்துவே?" என்று வெளியே வந்ததும் அம்மா என்னிடம் கேட்டாளேயொழிய, ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

பெட்டிகளை எடுத்துக்கொண்டு போய் ஒரு வாரம் ஆகியிருக்கும். வாத்தியார் ஒரு மண்குடத்தைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தார். அவருக்குப் பின்னால் பள்ளிக்கூடத்துப் பியூனின் நாலு வயதுப் பிள்ளை, அரைஞாண் கயிற்றோடு, மிட்டாய் தருவதாகச் சொன்ன வாக்கை நம்பி வந்துகொண்டிருந்தான். பழைய பனையோலை விசிறிகள் இரண்டைப் பிரித்து நறுக்கிய துண்டுகளை எங்களிடம் கொடுத்து, அவரவர் தகப்பனார் பெயரை எழுதச் சொன்னார். பேனாவால் எழுதிப் பார்த்தோம். மை ஓலையில் நிற்காமல் ஓடிற்று. பிறகு ஜாமெட்ரி பெட்டியிலிருந்த காம்பஸ் முள்ளால் கீறினோம். கீறல் கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் கோட்டுப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, அதிலிருந்த விளக்குக்கரியை ஓலையின்மேல் விரலால் தேய்த்துத் துடைத்துக் காட்டினார். கீறலுக்குள் கரி தங்கிற்று. பெயர் கறுப்பாக எழுந்து நின்றது. அந்தக் கணத்தில் வகுப்பு முழுவதும் எழுந்த சிறு ஆரவாரம் இன்றும் என் காதில் இருக்கிறது. நம் முன்னோர்கள் ஓலையில் எழுதினார்கள் என்ற வாக்கியத்தை அதற்குமுன் எத்தனையோ தடவை மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறோம். எப்படி எழுதினார்கள் என்பதை அன்றுதான் எங்கள் விரல்கள் அறிந்தன.

ஓலைகளெல்லாம் குடத்துக்குள் போயின. பிறகு, உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில், முதல் பராந்தக சோழன் காலத்தில், 919-ஆம் வருஷத்தில் ஒன்றும் 921-ஆம் வருஷத்தில் மற்றொன்றுமாக அவ்வூர் மகாசபையார் வெட்டி வைத்த இரண்டு சாசனங்களின் விவரத்தைச் சொல்லத் தொடங்கினார். ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்ததையும், ஊர்க் காரியங்களைப் பார்க்கும் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கத் தகுதியுள்ளவர்களின் பெயரோலைகளைக் குடும்புவாரியாகக் கட்டுக் கட்டிக் குடத்திலிட்டதையும், சபை கூடியிருக்க வயதில் மூத்த நம்பி ஒருவர் குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்ததையும், உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓலை எடுப்பித்ததையும், எடுத்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்கிப் படித்ததையும் அவர் நடித்துக் காட்டியபோது, பியூன் மகன் தன் முறை வந்துவிட்டதென்று குடத்துக்குள் கையை விட்டான். "பொறுடா, இனிமேல்தான் விஷயம் இருக்கிறது" என்று அவனை நிறுத்திவிட்டு, எங்களையெல்லாம் எழுந்து நிற்கச் சொன்னார்.

"உங்கள் தகப்பனார்களுக்காக நீங்கள் நிற்கிறீர்கள். சாசனம் சொல்கிற தகுதியை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். இல்லாதவர்கள் ஓலையை எடுத்துக்கொண்டு உட்காரலாம். முதலில் பெண்கள் உட்காருங்கள்."

எங்கள் வகுப்பில் தனி பெஞ்சியில் மூன்று பெண்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, வருஷம் முழுவதும் வாய் திறந்தறியாதவள், "நாங்களும் அப்பாவுக்காகத்தானே சார் நிக்கறோம், ஏன் சார் உக்காரணும்?" என்று கேட்டாள்.

வாத்தியார் சற்று நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "கெட்டிக்காரி. பெண்கள் கூடாது என்று அந்தச் சாசனத்தில் ஒரு வரி கூட இல்லை, அம்மா. எழுதவேண்டும் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை. எழுதியிருப்பதை எல்லோரும் படித்துவிடலாம், எழுதாமல் விட்டதைப் படிக்கத்தான் இந்த வகுப்பு" என்றார்.

இறை செலுத்தும் சொந்த நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும் என்றார். இக்காலக் கணக்கில் ஒரு வேலி என்பது இருபது மா. ஐந்து மாவுக்கு மேல் சொந்தமாக நிலம் வைத்திருந்தவர் எங்களில் யார்? வகுப்பில் முக்கால்வாசிப் பேர் உட்கார்ந்தோம். நான் என் தகப்பனாரின் ஓலையைக் குடத்திலிருந்து தேடி எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது என் காது சுட்டது. சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும் என்றார். இன்னும் இருவர் உட்கார்ந்தார்கள். மந்திர பிராமணம் கற்றறிந்திருக்க வேண்டும் என்றதும், கணக்குப்பிள்ளை மகனும் மிராசுதார் மகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வேதம் படித்தவராகிய குருக்கள் மகனோ நிலக் கேள்வியிலேயே உட்கார்ந்தாயிற்று. அந்த ஊர் பிரமதேயம். அந்தச் சபை நிலமுடைய வேதியர்களின் சபை. நின்றுகொண்டிருந்தவர் வாத்தியார் ஒருவர்தான்.

"எனக்கு வாடகை வீடு. வேதமும் தெரியாது. நான் பிறந்தது 1919. முதல் சாசனத்துக்குச் சரியாக ஆயிரம் வருஷம் கழித்து. முப்பதிலிருந்து அறுபது வயது என்று அதில் போட்டிருப்பதால் வயதாவது எனக்குத் தகும். இரண்டே வருஷத்தில் அதை மாற்றி முப்பத்தைந்திலிருந்து எழுபது என்று ஆக்கிவிட்டார்கள், அதுவும் போயிற்று" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். மேஜையின்மேல் காலிக் குடமும், பக்கத்தில் மிட்டாய்க்காகக் காத்திருந்த பியூன் மகனும் மட்டும் நின்றார்கள்.

நாங்கள் பழைய பெருமையெல்லாம் பொய்தானோ என்று எண்ணத் தொடங்கிய சமயம் பார்த்து அவர் மறுபடி எழுந்தார். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமற் போனவனை மறுபடி குடத்தில் இடக்கூடாது என்ற விதியையும், அவனை மட்டுமின்றி அவனுடைய சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன், மருமகன், மாமனார், உடன்பிறந்தாள் மக்கள் என்று உறவுமுறையெல்லாம் அடுக்கி விலக்கியிருந்ததையும், முந்திய மூன்று வருஷத்தில் பதவி வகித்தவனுக்கு மறுபடி இடமில்லை என்றதையும் அவர் சொல்லிக்கொண்டு போகப் போக, உறவுப் பட்டியலைக் கேட்டுச் சிரித்த நாங்கள் மெல்ல மெல்லச் சிரிப்பை அடக்கிக்கொண்டோம். ஏனென்றால், எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் கணக்குக் கேட்டவனுக்கு என்ன நேர்ந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். "இவ்வளவு நுட்பமாக யோசித்தவர்களுக்கு ஏன் விடுபட்டவர்களைப் பற்றித் தோன்றவில்லை? அது தோன்றாதவர்களுக்கு ஏன் இது தோன்றிற்று? இரண்டு வருஷத்துக்குள் சட்டத்தைத் திருத்த வேண்டிய அளவுக்கு அந்த ஊரில் என்னதான் நடந்திருக்கும்? வீட்டுக்குப் போய் யோசித்துக்கொண்டு வாருங்கள். விடை என்னிடமும் இல்லை" என்று சொல்லிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மூன்று மாட்டு வண்டிகளில் எங்களை அவர் உத்தரமேரூருக்கே அழைத்துக்கொண்டு போனார். கோயில் கல்லின்மேல் வரிவரியாக ஓடிய எழுத்துக்களைப் பார்த்ததும் எங்களுக்கு ஏமாற்றமே உண்டாயிற்று; தமிழும் கிரந்தமும் கலந்த அந்த வரிகளில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவர் சாக்குக்கட்டியைப் பொடியாக்கி ஈரத்துணியால் கல்லில் ஒற்றினார். பள்ளத்தில் வெண்பொடி தங்கியது; முன்பு ஓலையில் கரி தங்கியது போலவே. ககரம் தெரிகிறதா, யகரம் தெரிகிறதா என்று விரலால் தடவித் தடவிக் கடைசியில் 'ஏரி' என்ற இரண்டெழுத்தை நாங்களாகவே கண்டுபிடித்தபோது, எங்களோடு வந்த வண்டிக்காரர், "ஏரியா? எங்க ஏரியா?" என்று குனிந்து பார்த்தார். ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர் என்று வாத்தியார் விளக்கினார். அந்த ஊர்ப் பெரிய ஏரிக்குப் பல்லவர் காலத்திலிருந்து வைரமேக தடாகம் என்று பெயர் வழங்கியதைச் சொல்லி, அதன் கரைமேல் நின்றுதான் கட்டுச்சோற்றை அவிழ்க்க வேண்டும் என்று பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு போனார். நீலகண்ட சாஸ்திரியார் சோழர் ஆட்சியைப் பற்றி 1932-இல் வெளியிட்ட ஆங்கில ஆராய்ச்சி நூலை அவர் சென்னையிலிருந்து இரவல் வாங்கி வந்து, அதை ராத்திரி அரிக்கேன் விளக்கில் படித்து எங்களுக்குச் சொன்னார் என்பது வெகுகாலம் கழித்தே எனக்குத் தெரிந்தது. கும்பகோணத்தில் பள்ளித் தமிழாசிரியராக இருந்துகொண்டே ஊர் ஊராகச் சென்று கல்வெட்டுக்களை ஆராய்ந்த சதாசிவ பண்டாரத்தாரைப் போன்றவர்கள் வாழ்ந்த காலம் அது. பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் என்றால் பாடப்புத்தகத்தை உரக்கப் படிப்பவர் என்ற அர்த்தம் அப்போது முழுக்க ஏற்பட்டுவிடவில்லை.

பிறகு நான் இன்டர்மீடியட்டில் கணக்கு குரூப் எடுத்து, 1955-இல் கிண்டி என்ஜினீயரிங் காலேஜில் சேர்ந்தேன். 1794-இல் ஒரு சர்வே பள்ளிக்கூடமாகத் தொடங்கிய அந்தக் கலாசாலை எனக்குக் கற்றுக் கொடுத்தவற்றுக்கு நான் ஆயுள் முழுவதும் கடமைப்பட்டவன். நிலத்தின் மேடு பள்ளத்தை அங்குலம் தவறாமல் அளப்பது எப்படியென்று அங்கே அறிந்தேன். அந்த நிலத்தின்மேல் நடமாடுகிறவர்களைப் பற்றி யாரும் அங்கே பேசவில்லை. பேசவேண்டுமென்று நானும் எதிர்பார்க்கவில்லை. குடமும் ஓலையும் பாலியத்து விளையாட்டாகி எங்கோ மறைந்துவிட்டன.

1960-இல் ஜூனியர் என்ஜினீயராக எனக்குக் கொடுத்த செக்ஷனில் நடுத்தரமான ஓர் ஏரி இருந்தது. கீழே இருந்த ஊருக்கு அதுதான் பாசனம். ஏரியின் நீர்ப்பரப்பை ஒட்டி மேலே இன்னோர் ஊருக்கு நஞ்சை இருந்தது. இரண்டாம் போகத்துக்குத் தண்ணீர் போதவில்லையென்று கீழூரார் மனுக் கொடுத்தார்கள். போய்ப் பார்த்தேன். உபரி நீர் வழியும் கலங்கலின் தலைப்பில் முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக, இரண்டடி இடைவெளி விட்டு வரிசையாகக் கருங்கற்கள் நட்டிருந்தன. வெறும் கற்கள், இடையில் தண்ணீர் தாராளமாக ஓடும். தேக்குவதற்கும் உதவாமல் வடிவதற்கும் இடைஞ்சலாக நிற்கும் அந்தக் கற்களைப் பெயர்த்தெறிந்துவிட்டு, அவற்றின் தலை மட்டத்துக்குக் கலங்கலையே ஒன்றேகால் அடி உயர்த்திக் கட்டிவிட்டால், கரையைத் தொடாமலே இத்தனை லட்சம் கன அடி நீர் கூடுதலாக நிற்கும் என்று கணக்குப் போட்டேன். கணக்கில் ஒரு பிசகும் இல்லை. ஆபீசிலிருந்த பழைய ஏரி மெமாயரிலும் மட்டங்கள் எழுதியிருந்த பக்கத்தைச் சரிபார்த்தேன். வெள்ளைக்காரன் காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஏரி ஏரியாக அளந்து எழுதி வைத்த அந்தத் தஸ்தாவேஜில் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் என்னவோ கிறுக்கியிருந்தது. மட்டம் சம்பந்தப்பட்டதல்ல என்று விட்டுவிட்டேன்.

ஐப்பசியில் வேலை முடிந்தது. கார்த்திகை முதல் வாரத்தில் மழை கொட்டிற்று. புதிய கலங்கல் ஒரு கல்லும் அசையாமல் நின்றது. நிற்கட்டும் என்றுதானே கட்டினேன். ஏரி நீர் பின்னுக்குப் பெருகி மேலூர் நஞ்சையில் ஏறி, கதிர் வாங்கும் சமயத்துப் பயிரை மூன்று நாள் மூழ்கடித்தது. நான்காம் நாள் நான் போனபோது மேலூரார் கலங்கலை உடைக்கக் கடப்பாரையோடும், கீழூரார் உடைக்கவிடாமல் தடியோடும் நின்றார்கள். போலீஸ் வந்ததால் கைகலப்பு இல்லை. சாயங்காலம் கூட்டம் கலைந்த பின், கரையோரம் கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்ற ஒரு கிழவர் மட்டும் இருந்தார். மடை திறந்து அடைக்கும் நீர்க்கட்டி. கீழூர்ச் சேரியைச் சேர்ந்தவர். நான் பெயர்த்தெறிந்த கற்களில் ஒன்றின்மேல் கால் படாமல் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தார்.

"இந்தக் கல்லையெல்லாம் எதற்குப் பெரியவரே நட்டிருந்தார்கள்?" என்று, கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்கவேண்டிய காலம் கடந்து கேட்டேன்.

"கல்லுன்னு பாத்துட்டீங்க சாமி. அது கல்லில்லே, பேச்சு" என்றார் அவர்.

பிறகு விவரமாகச் சொன்னார். கார்த்திகை தீபம் வரையில் கற்களுக்கிடையே ஒரு பிடி மண் வைக்கக்கூடாது. பெருமழையெல்லாம் வடிந்து ஓடிவிட வேண்டும். தீபம் கழிந்து மேலூரார் அறுப்பை முடித்ததும், கற்களின் இடுக்கில் வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைத்து, கடைசி மழைத் தண்ணீரைக் கீழூரார் தேக்கிக் கொள்ளலாம். தப்பித் தவறித் தை மாதத்தில் பேய்மழை பிடித்துக்கொண்டால், எந்த ராத்திரியானாலும் சேரி ஆட்கள் வந்து மண்ணைக் காலால் உதைத்துத் தள்ளிவிட வேண்டும். உதைத்தால் விழுகிற அணை. அதில்தான் இரண்டு ஊரின் சமாதானமும் அடங்கியிருந்தது. அதை நான் சுண்ணாம்பும் கல்லுமாக்கி உதைத்தாலும் விழாதபடி செய்திருந்தேன்.

அன்றிரவு ஆபீசைத் திறக்கச் சொல்லி மெமாயரின் கடைசிப் பக்கத்தைப் படித்தேன். இரண்டு ஊர் மிராசுதார்களும் ஒப்புக்கொண்ட அதே மாமூல் அங்கே மூன்று வரியில் எழுதியிருந்தது. விளக்கடியில் உட்கார்ந்திருந்த என் மனத்தில் முதலில் எழுந்தது வெட்கம். அதன்பின், ஏழெட்டு வருஷமாக நினைத்தே பாராத அந்தக் குரல். எழுதியிருப்பது இது, எழுதாமல் விட்டது எது? அந்த மூன்று வரியில் மேலூர் இருந்தது, கீழூர் இருந்தது. ஆண்டுதோறும் மண் மிதித்து அடைத்தவர்களும், நடுராத்திரியில் கழுத்தளவு நீரில் இறங்கி உடைத்தவர்களும், கடைமடையில் எல்லோருக்கும் பிறகு தண்ணீர் வாங்கியவர்களுமான சேரிக்காரர்கள் இல்லை. அவர்கள் ஓலை அந்தக் குடத்திலும் போடப்படவில்லை.

என் தப்பிதத்தை நானே எழுதி மேலதிகாரியிடம் ஒப்புக்கொண்டேன், எச்சரிக்கையோடு போயிற்று. கலங்கலை இறக்கி, கற்களைப் பழையபடி நட உத்தரவு வாங்கினேன். நடுவதற்கு முன் இரண்டு ஊரையும் ஆலமரத்தடியில் கூட்டினேன். சேரியிலிருந்தும் ஆள் வரவேண்டும் என்றேன். முணுமுணுப்பு எழுந்தது. வந்த ஐந்தாறு பேரும் தூரத்தில் நின்றார்கள். உட்காருங்கள் என்றால் உட்காரவில்லை. எங்கள் ஐந்தாம் பாரத்தில் தகுதி இல்லாதவர்கள் உட்கார்ந்தோம், இங்கே தகுதி இல்லாதவர்கள் என்று கருதப்பட்டவர்கள் நிற்கிறார்கள் என்று அந்த நேரத்திலும் எனக்கு ஒரு நினைப்பு ஓடிற்று. மண் அடைத்த கூலிக்குப் பதிலாகக் கடைமடைக்கு வாரத்தில் ஒரு ராத்திரி முழுத் தண்ணீர் என்று நெடுநேரப் பேச்சுக்குப் பிறகு முடிவாயிற்று. அது எத்தனை வருஷம் நடந்தது என்று நான் பெருமையடித்துக்கொள்ள மாட்டேன். மூன்றாம் வருஷம் எனக்கு மாற்றல் வந்துவிட்டது.

இந்தச் சம்பவத்தைச் சொன்னால் என் சகாக்கள் சிலர், இதற்குச் சரித்திரப் பாடம் எதற்கு, பொது அறிவு போதுமே என்பார்கள். பொது அறிவு என்னிடம் குறைவாக இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. ஒரு கல்லைப் பார்த்ததும் அதை யார், யாருக்காக, எந்தச் சண்டைக்குப் பிறகு நட்டார்கள் என்று கேட்கும் பழக்கம் பொது அறிவோடு கூடப் பிறப்பதன்று. பதினைந்து வயதில் யாராவது அதைக் காட்டிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. காட்டிக் கொடுத்தும் நான் மறந்தேன். மறந்ததை மீட்டுக்கொள்ள உள்ளே ஏதோ கிடந்தது. ஒன்றுமே கிடக்காதவன் கடைசிப் பக்கத்தைத் திருப்பியிருக்கவும் மாட்டான்.

நம் நாட்டுப் பெரியவர்கள் இதை உணராதவர்களும் அல்லர். சென்னைச் சர்வகலாசாலையின் துணைவேந்தராயிருந்த லட்சுமணசுவாமி முதலியார் தலைமையில், நான் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய அதே 1953-இல் அறிக்கை கொடுத்த செகண்டரி கல்விக் கமிஷன், மேல் வகுப்புக்களில் ஏழு பிரிவுகள் வேண்டும் என்று சொன்னபோது மானிடக் கலைகளையே முதலாவதாக வைத்தது. எந்தப் பிரிவை எடுத்த மாணவனும் மொழிகளோடு சமூக பாடத்தையும் படித்தாக வேண்டும் என்றது. 1959-இல் கிண்டிக்குப் பக்கத்திலேயே தோன்றிய ஐ.ஐ.டி.யிலும் மானிடக் கலைகளுக்கென்று ஒரு துறை உண்டு. ஆனால் 1978-இல் நம் ராஜ்யத்தில் பிளஸ் டூ வந்தது முதல், சரித்திரப் பிரிவு என்பது மார்க்கு குறைந்தவனை ஒதுக்கும் திண்ணையாகிவிட்டது. திண்ணைக்கு அனுப்பப்பட்டவனுக்குத் தன் படிப்பின்மேல் மதிப்பு எப்படி வரும்? உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கோ அது கண்ணிலேயே படுவதில்லை. சரித்திரப் பிரிவை எடுத்துவிட்டால் அந்தப் பதினோரு பிள்ளைகளுக்கு நஷ்டம் என்று எல்லோரும் எண்ணுகிறார்கள். என் அனுபவத்தில், நஷ்டம் முதல் குரூப்பில் இருக்கும் நாளைய ஜூனியர் என்ஜினீயர்களுக்கும், அவர்கள் கலங்கல் கட்டப்போகும் ஊர்களுக்குமே அதிகம்.

1975-இல் வாத்தியார் ஓய்வு பெற்ற செய்தி கேள்விப்பட்டு, பழவேலிப் பக்கம் போயிருந்தபோது விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அதுவும் வாடகை வீடுதான். கோட்டு இல்லை, குரல் மட்டும் அப்படியே இருந்தது. என்னை அடையாளம் கண்டுகொள்ள வெகு நேரம் பிடித்தது. குடத்தைச் சொன்னதும் சிரித்தார். பியூன் மகன் பஸ் கண்டக்டராகிவிட்டான், டிக்கெட் வாங்க மாட்டேன் என்கிறான், நானும் பலவந்தமாகக் கொடுத்து வாங்குகிறேன் என்று சொன்னார். நான் பெருமையோடும், சற்றே பாராட்டை எதிர்பார்த்தும், ஏரிக்கதை முழுவதையும் அவரிடம் சொன்னேன். கல்லில்லை, பேச்சு என்ற இடத்தில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு பழைய வழக்கப்படி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அங்கே புளியமரம் இல்லை, எதிர்வீட்டுச் சுவர்தான் இருந்தது.

"அந்தக் கிழவர் பேர் என்ன?" என்று கேட்டார்.

நான் யோசித்தேன். பெரியவரே என்று கூப்பிட்டது ஞாபகம் வந்தது. கோணிப்பை ஞாபகம் வந்தது.

"ரிப்போர்ட்டிலாவது எழுதியிருப்பாயே?"

அந்த ரிப்போர்ட்டின் வாசகம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. நானே இரண்டு முறை திருத்தி எழுதியது. மேற்படி மாமூல், உள்ளூர் விசாரணையில் தெரிய வந்தது என்று அதில் இருந்தது.